பெரும்பாடு: ஒரு தோட்டக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

அக்கா என்று நான் கூப்பிடும் ஒரு நோயாளியின் வார்ட் டிக்கட்டில் (ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில்), குடும்ப நோய் வரலாறு என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருப்பது என் கையெழுத்து. 2016 ஜூன் மாதம் எழுதியது. அந்த ஒரு சொல் பிழை என்று எனக்குப் புரிய இரண்டரை வருடம் பிடித்தது. அதற்கும் சத்திரசிகிச்சையாளரான நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வுகூடத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு புற்றுநோயை நான் தவறவிட்ட கதை இது. இலங்கை மலையகத்தில் வேலை செய்யும் இளம் வைத்தியர்கள், தாதியர்கள், தோட்ட வைத்திய உதவியாளர்கள் ஆகியோருக்காகவே இதை முழுதாக எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு எழுதுவது இது. பெயர்களை விட்டுவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

2016

அக்காவுக்கு வயது 38. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். இரண்டு பிள்ளைகளின் தாய். எட்டு மாதமாகக் களைப்பு, மலையில் ஏறும்போது மூச்சு வாங்குதல், முகம் வெளிறல். எங்களிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 6.9.

தோட்டத்துப் பெண்ணுக்கு இரத்தம் குறைவு என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மாதவிடாய், பூச்சி, சாப்பாடு என்று காரணம் கையோடு இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு மூன்று தடவை அப்படித்தான் நடந்தது. நான்காவது தடவைதான் ஒரு வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலப்பக்கம் கீழே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் கூழாகவே இருக்கும். அதனால் கட்டி நன்றாக வளரும்வரை அடைப்பு வராது. இரத்தமும் மலத்தோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். களைப்பு மட்டும்தான் அடையாளம். மாத்திரை சாப்பிட்டும் ஏறாத இரத்தத்தைக் கண்டால் குடலைப் பாருங்கள் என்று இப்போது நான் கூட்டங்களில் எல்லாம் சொல்கிறேன்.

கொலனோஸ்கொப்பியில் (குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையில்) ஏறுகுடலில், அதாவது பெருங்குடலின் வலப்பக்கப் பகுதியில், கட்டி தெரிந்தது. இரத்தம் ஏற்றி, வலப்பக்க அரைப் பெருங்குடலை அகற்றினேன். நல்ல சத்திரசிகிச்சை. தையல் பிடித்தது, காய்ச்சல் இல்லை, எட்டாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினேன். திசுப் பரிசோதனை அறிக்கை பிறகு வந்தது: சளி சுரக்கும் வகைப் புற்று, டி3 (குடல் சுவரின் தசையைத் தாண்டியது), எடுத்த 19 நிணநீர்க் கணுக்களிலும் பரவவில்லை. கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் நிணநீர்க்கலங்கள் மொய்த்திருக்கின்றன என்று ஒரு வரி. கணுக்களில் பரவவில்லை என்பதைப் படித்ததும் நிம்மதியாகி, அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கீமோ வேண்டாம் என்று முடிவானது. அது சரியான முடிவுதான், ஆனால் அதன் முழுக் காரணம் அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நான் கேட்ட கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. "உங்க குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கா?"

"இல்லீங்க ஐயா."

சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

கத்தி இல்லாத ஒரு வருடம்

2018 செப்டெம்பரில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு வருட ஆய்வுப் புலமைப்பரிசில் கிடைத்தது. வெட்டி எடுத்த பெருங்குடல் கட்டிகளின் டி.என்.ஏ.யைப் படிப்பது வேலை. ஒரு கட்டியைப் பார்த்தால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, இரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பவர் சத்திரசிகிச்சையாளர். அங்கே இருந்தவர்களோ கட்டியைப் பார்த்ததும் இது எப்படி ஆரம்பித்தது, முதல் பிழை எது, அந்தப் பிழை பிறக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்று கேட்டார்கள். பத்து வருடம் வெட்டியிருக்கிறேன், அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர்களிடம் கற்றதைத் தோட்டத்து மொழியிலேயே சொல்கிறேன். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.யின் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகளைப் படி எடுக்க வேண்டும். படி எடுத்தால் பிழை வராமல் இருக்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் கூடைக்குள் கையை விட்டு முற்றல் இலையையும் காம்பையும் பொறுக்கி எறிவாரே, அந்த வேலையைக் கலத்துக்குள் நான்கு புரதங்கள் செய்கின்றன. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் சோடியாகப் போய்ப் பிழையைக் கண்டுபிடிக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 சோடி வந்து அதை வெட்டித் திருத்த ஏற்பாடு செய்யும். பொறுக்குகிறவர் இல்லாவிட்டால் பிழை பிழையாகச் சேரும். ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில்தான் மிக அதிகமாகச் சேரும்.

இந்தப் புரதங்களுக்கான மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே பழுதாக இருப்பதுதான் லிஞ்ச் சிண்ட்ரோம். தாய் அல்லது தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆண், பெண் என்ற பேதம் இல்லை. இளம் வயதில் பெருங்குடல் புற்று, பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்படலப் புற்று, சிலருக்குச் சூலகத்திலும் இரைப்பையிலும் சிறுநீர்க்குழாயிலும். பெருங்குடலில் வரும்போது பெரும்பாலும் வலப்பக்கம், சளி சுரக்கும் வகை, நிணநீர்க்கலங்கள் மொய்த்தபடி. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவின் அறிக்கையை அந்தப் புத்தகத்தில் யாரோ எடுத்து எழுதிவைத்தது போல இருந்தது.

2017 முதல் இங்கிலாந்தின் வழிகாட்டி, புதிதாகக் கண்டறியப்படும் எல்லாப் பெருங்குடல் புற்றையும் இதற்காகச் சோதிக்கச் சொல்கிறது. இந்தச் சோதனையின் கதையோ ஆய்வுகூடத்தில் தொடங்கவில்லை. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் ஒரு தையல்காரப் பெண் பேசினார். எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன் என்றார். வார்த்தின் அதைத் தட்டிக்கழிக்காமல் அந்தக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தார். அமெரிக்க வைத்தியர் ஹென்றி லிஞ்ச் 1960களில் இதைத் தொடர்ந்தார். எம்எஸ்எச்2 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1993இல். அந்தப் பெண் வாயால் சொன்னதை டி.என்.ஏ.யில் காண 98 வருடம் ஆனது.

எனக்கு அந்த வருடத்தில் கிடைத்த பெரிய பாடம் ஒரு மரபியல் ஆலோசகரிடமிருந்து வந்தது. அவர் மேசையில் இருந்ததெல்லாம் வெள்ளைக் காகிதமும் பென்சிலும் அழிறப்பரும்தான். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்தவர் மேல் ஒரு கோடு, நம்மிடம் வந்தவருக்கு ஓர் அம்புக்குறி. மூன்று தலைமுறை வரைந்து முடிக்கும்வரை அவர் நோயின் பெயரையே எடுக்கமாட்டார். யார் யாருக்குப் பிறந்தார்கள், இப்போது இருக்கிறார்களா, எப்படித் தவறினார்கள், எத்தனை வயதில். அவ்வளவுதான்.

2019 ஜனவரியில், ஊரில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் சொல்லி அக்காவின் டிக்கட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். கிளினிக்குக்கு அவர் வராமல் விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் சம்பளம் அது. குணமாகிவிட்டது என்று டொக்டரே சொன்ன பிறகு எதற்குப் பேரை இழக்க வேண்டும்?

இஸ்தோப்பில் வரைந்த கொடிவழி

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) நானே போனேன். மழை. இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், வாங்கைப் போட்டு உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ தந்தார்கள். மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு பிறப்பிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.

"அம்மா எப்படித் தவறினாங்க, அக்கா?"

"பெரும்பாடுங்க ஐயா. ஒரு வருசமா ரத்தம் நிக்கல. கடைசியில மஹரகமைக்குக் கூட்டிட்டுப் போயி கரண்டு வச்சாங்க. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு."

"அவங்களுக்கு?"

"நாப்பத்திநாலு."

பெரும்பாடு. பெண்ணுக்கு இரத்தம் நிற்காமல் போவதற்கு நம் பாட்டிமார் சொல்லும் சொல்தான், நானும் சின்ன வயதில் கேட்டதுதான். மஹரகமை என்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி, கரண்டு வைப்பது கதிர்ச்சிகிச்சை. ஆனாலும் அக்காவின் கணக்கில் அது புற்றுநோய் இல்லை. பொம்பளைக்கு வரும் ஒரு கெட்ட நேரம். நான் 2016இல் கேட்ட கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட சொல் அவர் வீட்டில் இல்லாத சொல்.

அவருடைய அண்ணன் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிவைத்த ஒரு பழைய கிளினிக் அட்டையைக் கொண்டுவந்தார். ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. ஆனாலும் கர்ப்பப்பை உட்படலப் புற்று என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசிக்க முடிந்தது. அம்மாவின் கைரேகை இருக்கும் அட்டை என்பதால் 23 வருடம் அதைப் பாதுகாத்திருக்கிறார்கள்.

அடுத்து தாய்மாமா. "அவரு அந்தப் பக்கம் போயிட்டாருங்க."

இந்த இடத்தில் மலையகத்துக் கொடிவழி வேறெந்த இடத்துக் கொடிவழியையும் போல இராது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை. நான் வரைந்த தாளில் அக்காவின் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த சதுரத்திலிருந்து கோடு கோத்தகிரிக்குப் போனது. அம்மாயியின் (அம்மாவின் அம்மாவின்) தங்கையும் போனவர். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வட்டம், அதற்குள் கேள்விக்குறி.

தாய்மாமா ஐம்பது தாண்டாமலே 'குடலில் கட்டி' வந்து இறந்தார் என்று மட்டும் கடிதம் வந்திருந்தது. அவருடைய மகன் வாட்ஸ்அப்பில் இருந்தார். அங்கேயே கூப்பிட்டோம். அவர் மூன்று வயதில் கப்பல் ஏறிப் போனவர். சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினார். 2013இல் கோயம்புத்தூரில் பெருங்குடல் சத்திரசிகிச்சை, 42 வயதில். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினார்: ஏறுகுடல், சளி சுரக்கும் வகை.

லிஞ்ச் குடும்பமா என்று பார்க்க ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1990இல் வகுத்து 1999இல் திருத்தியது. இவ்வகைப் புற்றுகள் மூன்று உறவினர்களுக்கு, அவர்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் முதல் வட்ட உறவு (பெற்றோர், பிள்ளை அல்லது உடன்பிறப்பு), அடுத்தடுத்த இரு தலைமுறைகள், ஒருவராவது 50 வயதுக்குக் கீழே. தேநீர் ஆறுவதற்குள் அந்தக் குடும்பம் அளவுகோலைத் தாண்டியிருந்தது. ஒரு சொட்டு இரத்தம் எடுக்கவில்லை, ஒரு ரூபா செலவில்லை.

தகடும் இரத்தமும்

2016இல் எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டை பத்திரமாக இருந்தது. அதிலிருந்து புதிதாகத் தகடுகள் வெட்டி நான்கு புரதங்களுக்கும் சாயம் போட்டார்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் எங்கும் கபில நிறமாக இருந்தன. எம்எஸ்எச்2 தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, மொய்த்திருந்த நிணநீர்க்கலங்களின் கருக்கள் காப்பிக்கொட்டை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்திலிருந்த நல்ல குடல் சுரப்பிகளும் அப்படியே. அவற்றுக்கு நடுவில் புற்றுக் கலங்கள் மட்டும் வெறும் வெளிர்நீலம். சாயம் பிடிக்கவில்லை என்று சந்தேகப்பட வழியில்லை, ஏனென்றால் மயிரிழை தூரத்தில் அதே தகட்டில் சாயம் பிடித்திருக்கிறது. எம்எஸ்எச்6உம் அப்படியே இல்லாமல் போயிருந்தது. எம்எஸ்எச்2 இல்லாமல் அதன் சோடி நிலைக்காது.

அப்புறம் இரத்தம். எதற்கு எடுக்கிறோம், தெரிந்தால் என்ன செய்யலாம், தெரிய வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது என்று அண்ணன், தங்கச்சி எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசி, அக்காவின் கையொப்பம் வாங்கி அனுப்பினேன்.

முதல் அறிக்கை: எம்எஸ்எச்2 வரிசையில் மாற்றம் எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் நழுவிப்போகும் என்று நினைக்கிறேன். எழுத்து எழுத்தாகப் படிக்கும் சோதனைக்கு ஒரு குறை உண்டு. நம்மிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒரே செக்ரோலுக்கு (தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டுக்கு) இரண்டு பிரதிகள் இருந்து, ஒன்றில் நடுவே சில பக்கங்கள் கிழிந்துபோனால், இரண்டையும் ஒன்றாக வைத்து வாசிக்கிறவருக்கு மற்றப் பிரதியின் பக்கங்கள் தெரியும். எல்லாம் சரியாகவே இருப்பது போலத் தோன்றும். பக்கங்களை எண்ண வேண்டும். எம்எஸ்எச்2இல் இப்படித் துண்டாகவே காணாமல்போவது அடிக்கடி நடப்பது. தகடு இல்லை என்கிறது, வரிசை இருக்கிறது என்கிறது என்றால் தகட்டை நம்பி மேலே போக வேண்டும். எம்எல்பிஏ என்ற எண்ணும் சோதனைக்கு அனுப்பினோம். கொரோனா முடக்கத்தில் மாதங்கள் போயின. 2020 கடைசியில் பதில் வந்தது: அடுத்தடுத்து மூன்று எக்ஸான்கள் (புரதத்துக்கான செய்தி இருக்கும் மரபணுத் துண்டுகள்) ஒரு பிரதியில் இல்லை.

தெரிந்ததால் மாறியவை

முதலில் என் பங்கு. இந்த நோய் உள்ளவருக்குக் குடலின் ஒரு பகுதியை மட்டும் வெட்டினால், மிச்சக் குடலில் இன்னொரு புற்று வரும் வாய்ப்பு 10 வருடத்தில் 16 வீதம், 20 வருடத்தில் 41, 30 வருடத்தில் 62 என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிடுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் நாளைக்கு நாலைந்து தடவை வெளிக்குப் போக வேண்டிவரும். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எது நல்லது என்று 38 வயதில் அக்காவே யோசித்து முடிவு செய்திருக்கலாம். அந்தத் தெரிவை நான் அவரிடம் வைக்கவில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வந்து கேட்டீங்கல்ல, ஐயா" என்றார். அந்தப் பதிலில் நான் ஆறுதல் தேடிக்கொள்ளவில்லை.

இப்போது அவருக்கு வருடா வருடம் கொலனோஸ்கொப்பி. கர்ப்பப்பையையும் சூலகங்களையும் 2021இல் அவரே முடிவு செய்து எடுத்துவிட்டார். அஸ்பிரினும் சாப்பிடுகிறார். 2020இல் வெளியான நீண்டகால முடிவுகளில், இரண்டு வருடம் அஸ்பிரின் சாப்பிட்ட லிஞ்ச் குடும்பத்தாரில் 9 வீதமானோருக்கும் சாப்பிடாதவர்களில் 13 வீதமானோருக்கும் பெருங்குடல் புற்று வந்தது. இரத்தக் கசிவு ஏற்கெனவே கண்டவர் என்பதால், முதலில் இரைப்பைக் கிருமியைச் சோதித்துத் தீர்த்துவிட்டே தொடங்கினோம்.

அண்ணனுக்கும் அதே பழுது இருந்தது. தங்கச்சிக்கு இல்லை. நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னேன், அவர் அழுதார். "எனக்கு மட்டும் எப்படி இல்லாம போச்சு?" என்று கேட்டார். இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கொலனோஸ்கொப்பி செய்யுங்கள் என்று வழிகாட்டிகள் ஒரு வரியில் எழுதிவிடுகின்றன. லிஞ்ச் குடும்பங்களில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பார்த்ததாலேயே புற்று 62 வீதம் குறைந்தது என்று 2000இல் பின்லாந்து காட்டியது. சரி, ஆனால் அதற்கு முதல் நாள் லீற்றர் கணக்கில் மருந்து குடித்து, இரவு முழுக்க வெளிக்குப் போய்க் குடலைச் சுத்தமாக்க வேண்டும். லயத்தில் பல வீடுகளுக்கு ஒரே மலசலகூடம். அது முப்பது அடி தள்ளி, படி இறங்கிப் போகும் இடத்தில். மழையும் குளிரும் வேறு. அண்ணன் முதல் தடவை பாதி மருந்தைக் கொட்டிவிட்டு வந்திருந்தார். குடல் முழுக்க அழுக்கு, ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தாதி ஒருவர்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து தோட்டத்திலிருந்து வருகிறவர்களை முதல் நாளே வார்டில் அனுமதிக்கிறோம். 2022இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நான்கு மாதம் தள்ளிப்போய், இரண்டாவது தடவை பார்த்தபோது ஏறுகுடலில் 14 மில்லிமீற்றர் பொலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) ஒன்று. கம்பி வளையத்தைப் போட்டு அப்போதே எடுத்தேன். இன்னும் புற்றாகவில்லை.

ஒரு விஷயத்தை மலையகத்தில் பேசாமல் இருக்க முடியாது. அண்ணனின் மகனுக்கு அக்காவின் மகளைக் கட்டுவதாகப் பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே பேச்சு. இருவருக்கும் இந்தப் பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிரதிகளும் பழுதாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தோலில் பால்தேநீர் நிறப் புள்ளிகள் இருக்கும், சிறுவயதிலேயே இரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் குடல் புற்றும் வரும். மாமன் மகன் உறவு தப்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கணக்கை மட்டும் வரைந்து காட்டினேன். பையன் தானாக வந்து இரத்தம் கொடுத்தான். அவனுக்கு இல்லை. ஒருவருக்கு இல்லையென்றாலே அந்தப் பயம் இல்லை. மகள் இன்னும் சோதிக்கவில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றாள். அது அவள் உரிமை. எம்எஸ்எச்2 குடும்பங்களில் குடலைப் பார்க்கத் தொடங்கும் வயது 25. அடுத்த வருடம் அவளுக்கு 25 ஆகும். அதை மட்டும் நினைவுபடுத்தியிருக்கிறேன்.

உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதினேன். என்ன பழுது, எந்தச் சோதனை, எந்த வயதில், டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று. புற்றுநோய் என்று எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்தில் பெரும்பாடு, குடல் கட்டி என்றும் எழுதினேன். அக்கா அதைக் கோத்தகிரிக்கு அனுப்பினார். மாமா மகன் வேறு யாருக்கோ அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தன் அம்மாயி சிலோனிலிருந்து வந்தவர், ஹட்டன் பக்கம் என்று மட்டும் தெரியும், அக்கா ஒருவர் அங்கேயே இருந்துவிட்டதாகச் சொல்வார் என்றார். "எங்க அம்மாயி பேரு அந்தப் படத்துல இருக்குங்களா?"

பெயரைக் கேட்டு, கேள்விக்குறி இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அவர் எப்படித் தவறினார், எத்தனை வயதில் என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.